பேரம் முடிந்தபின் ஒரு ஜெபம்



உலகம் கெட்டுப்போயிற்று என்று நாம் அடிக்கடி துக்கப்படுகிறோம். திரைப்படத்தையும் கைபேசியையும் குற்றஞ்சாட்டுகிறோம். ஆனால் நம்முடைய நிச்சயதார்த்த வீடுகளில் நடப்பது என்ன? எத்தனை சவரன், எவ்வளவு ரொக்கம் என்பதெல்லாம் உள்ளறையில் பேசி முடிக்கப்பட்ட பின்பே, ஜெபம்பண்ணப் போதகர் அழைக்கப்படுகிறார். நானும் அதை அறிந்தே ஜெபித்திருக்கிறேன். தேவனுக்கு முன்பாக இன்று வெட்கப்படுகிறேன்.

“நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே தருகிறார்கள்” என்கிறோம். கேளாமலே கொடுத்தாகவேண்டும் என்கிற நிலையை உண்டாக்கியது யார்? வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் சொல்லுகிறது. தேசத்தின் சட்டமே குற்றமென்று தீர்த்ததைத் தேவனுடைய பிள்ளைகள் ஆசீர்வாதம் என்று அழைக்கலாமா?

சகேயுவை நினைத்துப்பாருங்கள் (லூக்கா 19). இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டவன் விருந்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதாகவும் எல்லாருக்கும் முன்பாக அறிக்கையிட்டான். அவனுடைய மனந்திரும்புதல் அவன் பணப்பையைத் தொட்டது. நம்முடையது எதைத் தொட்டிருக்கிறது?

மகனுக்குப் பெண் பார்க்கும் பெற்றோரே, ஒன்றும் வேண்டாம் என்பதை முதல் பேச்சிலேயே வாய்திறந்து சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதை மருமகளின் கையிலேயே ஒப்படையுங்கள். பேரம் பேசிய வீட்டில் இனி நிச்சயதார்த்த ஜெபம் செய்வதில்லை என்று நானும் தீர்மானித்திருக்கிறேன். சிலருக்கு மனவருத்தம் உண்டாகும் என்பதை அறிவேன்.

கர்த்தர்தாமே நம் அனைவருக்கும் பெலன் தருவாராக. ஆமென்.