தலையில் பட்ட அடி கணக்கில் வராதா?

மாடு குத்தி ரத்தம் கொட்டினால் ஆம்புலன்ஸ் ஓடி வருகிறது. மண்ணில் தலை மோதி, கண் இருண்டு, வாந்தி எடுப்பவனுக்கு? "ஒன்றுமில்லை, எழுந்திரு" என்ற உபதேசம்தான்!

அன்னவாசல் வட்டாரத்து வாடிவாசல்களில் இறங்குவோர் யார்? விவசாயக் கூலிகள், கொத்து வேலைக்காரர்கள், மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். களத்தில் மருத்துவக் குழு வேண்டும் என்கின்றன 2017-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு விதிகள். நல்லது. காயம்பட்டோர் தொகையும் மறுநாள் பத்திரிகையில் வருகிறது. அவர்களில் எத்தனை பேருக்கு மூளை அதிர்ச்சி? சர்க்கார் பதில் சொல்லட்டும்!

ஸ்கேன் படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மூளை அதிர்ந்திருக்கலாம். தலைவலி, மறதி, மயக்கம் வாரக்கணக்கில் நீடிக்கலாம். அது ஆறுமுன் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் கூலிக்காரன் மறுநாளே சாரத்தில் ஏறுகிறான். இயந்திரத்தின் முன் நிற்கிறான். தலை சுற்றினால் என்ன கதி?

2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பந்து பட்டது. மறுநாள் அவருக்கு ஓய்வு. பதிலாக வேறொருவர் இறங்கினார். சரியான காரியம். கிரிக்கெட் நட்சத்திரத்தின் மூளை மூளை, உழைப்பாளியின் மூளை களிமண்ணா?

விளையாட்டையே நிறுத்து என்று சில கனவான்கள் இதைச் சாக்காகப் பிடிப்பார்கள். அது நமது கோரிக்கையல்ல. நாம் கேட்பவை இவை: தலையில் அடிபட்டவனை அன்று மீண்டும் களத்தில் விடக்கூடாது. அரசு மருத்துவமனைப் பதிவேட்டில் தலை அடிக்குத் தனிக் கட்டம் வேண்டும். வீட்டாருக்குத் தமிழில் எச்சரிக்கைச் சீட்டு, ஒரு வாரத்தில் மறு பரிசோதனை, ஓய்வு நாட்களுக்கு உதவித் தொகை வேண்டும்.

தோழர்களே! கிராம சபையில் இதைத் தீர்மானமாக்குங்கள்!