ஒளி வீசும் உலோக மருந்து: ஆசை வேண்டும், அவசரம் வேண்டாம்!

நோய் இருக்கும் இடத்தை விளக்குப் போலக் காட்ட வேண்டும். காட்டிய இடத்திலேயே நோயைக் கொல்லவும் வேண்டும். இரண்டு வேலைகளையும் ஒரே மருந்து செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

புற்று நோய்க்கு இப்படி ஒரு மருந்தை விஞ்ஞானிகள் தேடி வருகிறார்கள். ருத்தேனியம், இரிடியம் போன்ற உலோகங்களைக் கொண்டு அதைத் தயாரிக்கிறார்கள்.

முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால், "புற்று நோய் ஒழிந்தது" என்று இப்போதே பறை சாற்றுவது நோயாளிக்குச் செய்யும் கெடுதல் ஆகும்.

13 ஆண்டுகள்

உலோகம் புற்று நோய்க்கு மருந்தாவது புதிது அல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானி பார்னெட் ரோசன்பெர்க், கிருமிகள் வளரும் நீரில் பிளாட்டினக் கம்பிகள் வழியாக மின்சாரம் பாய்ச்சினார். கிருமிகள் நீண்டு வளர்ந்தன. ஆனால் இரண்டாகப் பிரியவில்லை! காரணம் மின்சாரம் அல்ல. கம்பியிலிருந்து கரைந்த பிளாட்டினம்.

இதை அவர் வெளியிட்டது 1965-ல். இதிலிருந்து பிறந்த "சிஸ்பிளாட்டின்" என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1978-ல். நடுவே 13 ஆண்டுகள்!

அந்த ஆண்டுகள் வீண் அல்ல. அம்மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தெரிந்தது. உடம்பில் நிறைய நீர் ஏற்றி அதைத் தடுக்கும் வழியை டாக்டர்கள் கண்டார்கள். பிறகுதான் அது உயிர் காக்கும் மருந்து ஆயிற்று.

ஒளியின் வேலை

புதிய மருந்துகள் மீது ஒளி பட்டால் அவையும் ஒளிரும். மருந்து எங்கே சேர்ந்திருக்கிறது என்று அதனால் பார்க்கலாம். ஒளியின் சக்தி பக்கத்தில் உள்ள பிராணவாயுவுக்குப் போனால், அந்த வாயு விஷம் போல மாறிப் புற்று அணுக்களைக் கொல்லும்.

ஆனால் ஒளி உடம்பின் ஆழத்துக்குப் போகாது. ஆகையால் குழாய் மூலம் ஒளியைக் கொண்டு போகக் கூடிய இடங்களுக்கே இது முதலில் பொருந்தும். கனடாவின் டொராண்டோ நகரில் 2017-ல், ருத்தேனிய மருந்து ஒன்றைச் சிறுநீர்ப்பைப் புற்று நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கினார்கள். மருந்தை உள்ளே விட்டு, பச்சை ஒளி பாய்ச்சினார்கள். முதல் கட்டத்தில் சேர்ந்தவர்கள் 6 பேர்தான். மருந்து தீங்கு செய்யாதா என்று பார்ப்பதே அந்தக் கட்டத்தின் முக்கிய நோக்கம்.

மூன்று கேள்விகள்

புதிய மருந்து என்று யார் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்களா? எத்தனை பேருக்கு? என்ன கெடுதல் வந்தது?

கண்ணாடிக் கிண்ணத்தில் புற்று அணு செத்தது என்றால் அது நல்ல செய்தி. அது சிகிச்சை அல்ல.

அறுவை, கதிர்வீச்சு, சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் இன்றே கையில் இருக்கின்றன. நாளை வரப் போகும் மருந்தை நம்பி, இன்றைய சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது. விஞ்ஞானி காத்திருக்கலாம். புற்று நோய் காத்திருக்காது!