அறிவியலை யாருக்காக எழுதுகிறோம்?

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு

"அறிவியல் கட்டுரை வரைக" என்றதும் நம் கை என்ன செய்கிறது? முன்னுரை என்று எழுதி அடிக்கோடிடுகிறது. பிறகு நான்கு துணைத் தலைப்புகள், முடிவுரை. இடையிடையே பாடநூலில் தடித்த எழுத்தில் உள்ள சொற்களை மறவாமல் தூவிவிட்டால் மதிப்பெண் உறுதி. காலாண்டு விடுமுறை வரை நாங்களும் இதைத்தான் அறிவியல் எழுத்து என்று நம்பியிருந்தோம்.

அவ்விடுமுறையில் எங்கள் வகுப்பிலிருந்து நால்வர் அறிவியல் எழுத்துப் பயிற்சி முகாம் ஒன்றுக்குச் சென்றோம். தஞ்சைக்கு அருகே ஐந்து நாட்கள், அங்கேயே தங்கல். ஜமுக்காளம், தட்டு, டம்ளர், இரண்டு நோட்டுப் புத்தகங்கள் கொண்டுவர வேண்டும் என்று அறிவிப்பில் இருந்தது. "பொதுத்தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவையா?" என்று வீட்டில் கேட்டார்கள். பள்ளியிலும் சிலர் கேட்டார்கள். தேவைதான் என்பது எங்கள் கருத்து. அது ஏன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதல் நாள் மாலை எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு யானைக்கால் நோய். கும்பகோணத்துப் பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்! எங்கள் பக்கத்து முதியவர்கள் சிலரிடம் இன்றும் காண்கிற நோய் அது. எங்களில் ஒருத்தியின் பாட்டிக்கே இருக்கிறது. ஆகவே மளமளவென்று மூன்று முழுத்தாள் எழுதினோம். "மனித குலம் தோன்றிய நாள் முதலாய்" என்று தொடங்கினோம். வுச்சரேரியா பாங்க்ராஃப்டி என்ற புழுவின் பெயரைப் பிழையின்றி எழுதியதில் பெருமை வேறு.

முகாமை நடத்திய அக்கா அதை முழுதும் படித்தார். திருத்தவில்லை. "சமையற்கட்டில் போய்ப் படித்துக் காட்டுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

சமையல் அம்மா சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே கேட்டார். இரண்டாம் பக்கத்தில் "நிணநீர் நாளங்களில் அடைப்பு ஏற்பட்டு" என்ற இடம் வந்ததும் கை நின்றது.

"அது இருக்கட்டும் பாப்பா. அந்தக் காலத்துல இந்த நோவுக்கு நடுராத்திரியில வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாங்களே, அது ஏன்? பகல்ல எடுத்தா ஆகாதா?"

எங்கள் நால்வருக்கும் தெரியவில்லை. மூன்று பக்கக் கட்டுரையில் அதற்கு ஒரு வரி கூட இல்லை. அவர் அடுத்துச் சொன்னதுதான் எங்களை உறுத்தியது. சில ஆண்டுகளுக்கு முன் வீடு வீடாக மாத்திரை கொடுத்தபோது, "எனக்குத்தான் கால் நல்லா இருக்கே" என்று அவர் வாங்கி வைத்துவிட்டாராம். விழுங்கிய தங்கைக்குத் தலைசுற்றலும் காய்ச்சலும் வந்ததைக் கண்டு, வைத்திருந்ததையும் கொல்லையில் எறிந்துவிட்டாராம்.

அன்றிரவு முகாம் நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டினோம். அறிவியலாளரும் அந்தச் சமையல் அம்மாவின் கேள்வியையே கேட்டிருந்தார்கள் என்று கண்டோம்! 1870-களில் சீனாவின் அமோய் துறைமுகத்தில் மருத்துவராயிருந்த பாட்ரிக் மேன்சனிடம் இரண்டு உதவியாளர்கள் ரத்தத்தைச் சோதித்து வந்தனர். ஒருவர் பகலில், மற்றவர் இரவில். இரவில் பார்த்தவருக்கே புழுக்கள் மிகுதியாகத் தென்பட்டன. கால் மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்தக் குஞ்சுப் புழுக்கள் பகலில் உடலின் உட்பகுதியில் தங்கி, இரவில் தோலுக்கு அருகே ஓடும் ரத்தத்திற்கு வருகின்றன. இந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில்தான். மேன்சன் 1877-இல், புழு இருந்த தம் தோட்டக்காரரையே கொசுக்கள் கடிக்கச் செய்து, அக்கொசுக்களின் உடலில் புழு வளர்வதைக் கண்டார். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் நம் நாட்டில் நிறுவியது அதற்கு 20 ஆண்டுகள் கழித்து, 1897-இல்.

மாத்திரைக்கும் விளக்கம் கிடைத்தது. தாய்ப்புழு விரல் நீள நூல் போன்றது. உடலுக்குள் சராசரியாக 6 முதல் 8 ஆண்டுகள் உயிரோடிருக்கும். மாத்திரை பெரும்பாலும் குஞ்சுகளையே கொல்கிறது. ரத்தத்தில் குஞ்சு இல்லையென்றால் கொசு எடுத்துச் செல்ல ஒன்றுமில்லை. தாய்ப்புழு சாகும் வரை ஆண்டுக்கொரு முறை விழுங்கிவந்தால் பரவுதல் நிற்கும். ஆகவேதான் கால் நன்றாயிருப்பவருக்கும் மாத்திரை. புழு உள்ள பலருக்கு வீக்கமே தெரிவதில்லை. விழுங்கியபின் சிலருக்கு வரும் லேசான காய்ச்சலும் தலைசுற்றலும் பெரும்பாலும் உள்ளே புழுக்கள் மடிவதன் அறிகுறி. தங்கைக்குக் காய்ச்சல் வந்ததே மருந்து வேலை செய்ததால்தான் போலும்! இதை அன்று யாராவது புரியும்படி ஒரு தாளில் எழுதித் தந்திருந்தால் கொல்லைக்குப் போன மாத்திரை வயிற்றுக்குப் போயிருக்கும்.

இரண்டாம் முறை எழுதினோம். நிணநீர் நாளத்தை என்ன செய்வது? "ரத்தக்குழாய் போல உடம்பில் இன்னொரு குழாய் உண்டம்மா. காலில் ஊறித் தேங்கும் நீரை அது மேலே திருப்பிக்கொண்டு போகும். புழு அதைக் கெடுத்துவிடுகிறது" என்று சொல்லிப் பார்த்தோம். "வாய்க்கால் சரியா இருந்து வடிகால் தூர்ந்து போச்சுன்னு சொல்லேன்!" என்றார் சமையல் அம்மா. காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாயிருந்தது.

அதை அப்படியே எழுதி அக்காவிடம் ஓடினோம். அவர் பாராட்டிவிட்டு, "வடிகாலைத் தூர் வாரினால் சரியாகிவிடும். காலையும் அப்படிச் சரிசெய்யலாமா?" என்று கேட்டார். முடியாது. பெருத்த கால் பழையபடி ஆவது அரிது. நாள்தோறும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, உட்காரும்போது உயர்த்தி வைத்தால் அடிக்கடி வரும் காய்ச்சலையும் வலியையும் தடுக்கலாம். உவமை எதுவரை பொருந்தும் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அது பொய் சொல்லிவிடும் என்பதை அன்று கற்றோம். ஐந்து நாட்களில் கற்றவற்றில் எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுவது இதுவே. மற்றபடி தலைப்பு வைப்பது எப்படி, படம் வரைவது எப்படி என்றெல்லாம் வகுப்புகள் நடந்தன. அவையும் நன்றாகவே இருந்தன.

அப்படியானால் கலைச்சொற்களே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். ஆனால் பொருளைப் புரியவைத்த பிறகு பெயரைச் சொன்னால் பெயர் நெஞ்சில் நிற்கும். நம் மொழியில் இதைச் செய்து காட்டியவர்கள் பலர். 1847-இல் இலங்கை வந்த மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். படித்தவர்கள் கிராமங்களில் தங்காமல் அரசுப் பணிக்குப் போய்விடுவதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி அச்சிட்டார். வழக்கறிஞராயிருந்த பெ. நா. அப்புஸ்வாமி (1891–1986) அறுபது ஆண்டுகளுக்கு மேல் அறிவியலைத் தமிழில் எழுதினார். 1987-இல் தொடங்கிய 'துளிர்' இதழின் பழைய பிரதிகளை முகாமில் போட்டி போட்டுக்கொண்டு படித்தோம்.

எங்கள் ஊர்க் கதையையும் அங்கேதான் அறிந்தோம். வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் 1925-இல் கும்பகோணத்தில் பிறந்து, இங்குள்ள சிறுமலர் பள்ளியில் படித்தவர் என்பது தெரியும். அவருடைய தந்தை, மருத்துவர் எம். கே. சாம்பசிவன், ஊர் மக்களைத் திரட்டிக் கொசு வளரும் இடங்களை ஒழிக்கப் பாடுபட்டது தெரியாது. சாக்கடையில் இறங்க மக்கள் அவரோடு வந்தார்கள் என்றால், ஏன் இறங்க வேண்டும் என்பதை அவர் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

தேர்வுக் கட்டுரையைத் திருத்துபவருக்கு விடை முன்பே தெரியும். தெரிந்தவருக்கே தெரிந்ததைச் சொல்லிப் பத்தாண்டுகள் பழகிவிட்டோம். தெரியாதவருக்கு எழுத எங்கே பழகுவது? ஆகவே ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசித்தபின், ஒரு மாணவி தானே எழுதிய அறிவியல் செய்தியை ஐந்து நிமிடம் படிக்கட்டும். ஆறாம் வகுப்புத் தங்கைகள் எழுந்து கேள்வி கேட்கலாம் என்பது விதியாக இருக்கட்டும். விடை தெரியாவிட்டால் அடுத்த வாரம் சொல்லலாம், குற்றமில்லை. மதிப்பெண் மட்டும் வேண்டாம். மதிப்பெண் வந்தால் முன்னுரையும் வந்துவிடும்!

எங்கள் மூன்றாம் படியை ஊர் திரும்பியதும் தோழியின் பாட்டிக்குப் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரே வீடு, ஒரே கொசு. எனக்கு வந்துச்சு. உங்க தாத்தாவுக்கு ஏன் வரலை?" என்றார். தாத்தாவின் உடலிலும் புழு இருந்திருக்கலாம், வெளியே தெரிந்திருக்காது என்று விளக்கினோம். பாட்டி சிரித்தார். நம்பவில்லை. இப்போது நான்காம் முறையாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.