ஓட்டமா, எறிதலா?

கால்பந்து என்றதும் நண்பர்கள் மனத்தில் உருண்டோடும் பந்து வேறு. நான் எழுத வந்த பந்து வேறு. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் ஃபுட்பாலில் காலுக்கு வேலை மிகக் குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடுவார்கள். இல்லையேல் முன்னால் ஓடும் தோழருக்கு எறிவார்கள். அணிக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் இக்கட்டுரைக்குப் போதும். பந்தை முன்னோக்கி எறிவதற்கு 1906-இல் விதி இடங்கொடுத்தது. அன்று தொடங்கிய வழக்குத்தான் ஓடுவதா, எறிவதா என்பது. அவ்வழக்கில் நானும் என் தாழ்மையான கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

விடுதியில் அறைத் தோழரின் கைப்பேசியில் ஒருநாள் தற்செயலாகப் பார்க்கத் தொடங்கிய ஆட்டம் இது. கணித மாணவனாகிய என்னைப் பிடித்து நிறுத்தியது அதில் வரும் 'ஆப்ஷன்' என்ற தாக்குதல் முறை. பந்தை முதலில் பெறும் குவார்ட்டர்பேக், எதிரணியில் ஒருவரை மட்டும் கண்ணால் கவனிக்கிறார். அவரை யாரும் முட்டித் தடுப்பதில்லை, வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். அவர் நடுவில் பாயும் ஃபுல்பேக்கைப் பிடிக்க வந்தால், குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளிப்புறம் ஓடுகிறார். வராமல் நின்றால் பந்து ஃபுல்பேக்குக்கே. வெளிப்புறத்தில் அடுத்த காவலர் பாய்ந்து வந்தாரா? பக்கத்தில் ஓடிவரும் தோழருக்குப் பந்தைத் தட்டிவிடுகிறார். மூன்று வழிகளில் எதை மூடினாலும் இன்னொன்று திறந்து கொள்ளும்!

இதில் உள்ள சூட்சுமம் என்னவெனில், எதிரணியில் இருவரைத் தொடாமலேயே கணக்கிலிருந்து கழித்துவிடலாம். ஆகவே உடற்கட்டில் குறைந்த அணிக்கு இது வரப்பிரசாதம். அமெரிக்கத் தரைப்படை, கடற்படைக் கல்லூரிகள் இம்முறையை நெடுங்காலமாகப் போற்றி வருவதற்கு இதுவே காரணம். பட்டம் பெற்றதும் படையில் பணியாற்றியாக வேண்டிய அக்கல்லூரிகளுக்கு மாமிச மலைகள் எளிதில் வந்து சேர்வதில்லை.

"எல்லாம் சரி, ஓடிக்கொண்டே இருந்தால் எதிரி விழித்துக்கொள்ள மாட்டானா? பாதி ஓட்டம், பாதி எறிதல் என்று வைத்துக்கொள்வதுதானே சமநிலை?" என்று என் அறைத் தோழர் கேட்டார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் இதை முற்றிலும் மறுக்கிறேன்.

ஆட்டக் கோட்பாடு பற்றி வகுப்பில் படித்தவர்களுக்கு விடை எளிதில் புரியும். கற்பனையாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஓர் அணி ஓடினால் சராசரி 5 கெஜமும், எறிந்தால், தவறிய பந்துகளையும் சேர்த்து, சராசரி 9 கெஜமும் கிடைக்கிறது என்க. அப்படியானால் அந்த அணி எறிவது போதாது. இன்னும் சற்று எறிய வேண்டும். எறிய எறிய எதிரணியின் பின்காவலர்கள் முன்னே ஓடிவராமல் தயங்கி நிற்பர். எறிதலின் பலன் குறையும், ஓட்டத்தின் பலன் கூடும். இரண்டும் ஏறக்குறையச் சமமாகும் இடமே சமநிலை. அந்த இடம் ஐந்தில் ஒன்றாகவும் இருக்கலாம், பத்தில் ஒன்றாகவும் இருக்கலாம். பாதிக்குப் பாதியாக இருக்க வேண்டும் என்று எந்தத் தேற்றமும் சொல்லவில்லை. எறிந்த பந்தை எதிரி பறித்துவிடும் அபாயத்தையும் சேர்த்தால் இன்னும் குறையும்.

ஜார்ஜியா டெக் கல்லூரியின் கதையைப் பாருங்கள். பால் ஜான்சன் பயிற்சியில் ஆப்ஷன் ஆடிய அந்த அணியில், 2009-ஆம் ஆண்டு டெமேரியஸ் தாமஸ் என்ற வீரர் 46 பந்துகளைப் பிடித்து 1,154 கெஜம் சேர்த்தார். ஒரு பந்துக்கு 25 கெஜத்துக்கும் மேல்! (பிடித்த பந்துகளின் சராசரிதான் இது, தவறியவை இதில் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.) ஓட்டத்தைத் தடுக்கப் பின்காவலர்கள் முன்னே வந்துவிட, அவர் தனித்து ஓடினார். எறிதலுக்கு அந்த வெளியை உண்டாக்கித் தந்தது ஓட்டமே.

இன்னொரு காரணமும் உண்டு. பார்வையாளர்கள் இதை நினைப்பதில்லை. அவர்களும் நம்மைப்போல் மாணவர்களே. ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது அங்குள்ள கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் விதி. ஓட்டத்துக்கு முன்வரிசை வீரர்கள் முன்னோக்கிப் பாய வேண்டும். எறிதலுக்கோ பின்வாங்கி நின்று குவார்ட்டர்பேக்கைக் காக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு வித்தைகள். தடுக்கப்படாத காவலரின் தோளைப் பார்த்து நொடியில் முடிவெடுப்பது நூற்றுக்கணக்கான முறை பழகினால்தான் கைகூடும். நேரத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டால் இரண்டிலும் அரைகுறையே மிஞ்சும்.

அப்படியானால் எறிதலே வேண்டாமா? வேண்டும். எப்போது எறிவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆப்ஷன் அணி, தேவைப்படாதபோது எறிய வேண்டும் என்பது என் கட்சி. 2, 3 கெஜமே மீதமிருந்து, இவர்கள் ஓடத்தான் போகிறார்கள் என்று அரங்கமே எண்ணும்போது, ஓட்டம்போலவே தொடங்கி எறிய வேண்டும்.

இதற்குச் சான்று டெக்சஸ். டாரல் ராயல் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அந்த அணியில் 1968-இல் எமரி பெல்லார்ட் 'விஷ்போன்' என்னும் ஆப்ஷன் அமைப்பை உருவாக்கினார். முதல் ஆட்டம் சமன்; அடுத்தது தோல்வி; அதன்பின் தொடர்ந்து 30 வெற்றிகள்! அந்த வரிசையில் 1969 டிசம்பர் 6 அன்று ஆர்க்கன்சாவுடன் நடந்த ஆட்டத்தை மறக்க இயலாது. குடியரசுத் தலைவர் நிக்சனே பார்க்க வந்திருந்தார். டெக்சஸ் அன்று ஆறு முறை பந்தை இழந்தது. அவற்றுள் இரண்டு, எறிந்து பறிகொடுத்தவை. மூன்று பகுதிகள் முடிந்தபோது 14-0 எனப் பின்தங்கி நின்று, பின்னர் 14-8 ஆக்கியது. ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது நான்காம் முயற்சி. தேவை 3 கெஜம். ஓட்டத்தில் வல்ல அணி என்ன செய்யும்? ராயல் நெடுந்தூரம் எறியச் சொன்னார். ஜேம்ஸ் ஸ்ட்ரீட் எறிந்த பந்து, இருவர் நெருங்கிக் காத்தும், ராண்டி பெஷலின் கைகளில் விழுந்தது. 44 கெஜம்! அடுத்த இரண்டே ஓட்டங்களில் எல்லைக்கோடு, வெற்றி 15-14. அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆயினும் 3 கெஜத்துக்கான ஓட்டத்தை எதிர்பார்த்திருந்த அணியின் தலைக்குமேல் பறந்த பந்து அது.

இம்முறை செத்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. ஓட்டத்தையே உயிராகக் கொண்ட தரைப்படை அணி 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் 12 ஆட்டங்களில் வென்றது.

எனினும் என் கட்சியில் ஓட்டை இல்லாமல் இல்லை. அதே தரைப்படை அணி 2018 செப்டம்பரில் வலிமைமிக்க ஒக்லஹோமாவை அதன் மண்ணிலேயே சந்தித்தது. 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடம் 41 வினாடி பந்து தரைப்படையிடமே இருந்தது. 21-21 எனச் சமனாகி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. ஒக்லஹோமா முந்தியது. ஏழு புள்ளி பின்தங்கிய நிலையில் தரைப்படை எறிந்த பந்தை எதிரி பறித்துக்கொள்ள, அத்துடன் ஆட்டம் முடிந்தது. எறிந்தே ஆகவேண்டிய வேளையில் பழகாத கை என்ன செய்யும் என்று அறைத் தோழர் கேட்கிறார். நெருக்கடி வருமுன்பே எறிந்து பழகியிருக்க வேண்டும் என்கிறேன் நான். அந்த ஒளிப்பதிவை மறுபடியும் போட்டுப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று உட்காரும்போதெல்லாம் விடுதியில் சாப்பாட்டு மணி அடித்துவிடுகிறது.