புனிதர் காஸல்ஸும் செல்லோக்காரர் காஸல்ஸும்

பாப்லோ காஸல்ஸைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் ஒரு குத்துவிளக்கை ஏற்றி வைத்துக்கொள்கிறார்கள். வழுக்கைத் தலை, மூடிய கண்கள், மார்பில் சாய்ந்த செல்லோ, தினமும் காலையில் பியானோவில் கொஞ்சம் பாக், பிறகு மனித குலம், சமாதானம். 1973 அக்டோபரில் தொண்ணூற்றாறு வயதில் போர்ட்டோ ரீக்கோவில் அவர் இறந்தபோது இந்தப் படம் சட்டம் போட்டு மாட்டப்பட்டாகிவிட்டது. வித்வான்களுக்குப் புராணம் கட்டியே பழகிய நமக்கும் இது சௌகரியமாக இருக்கிறது. இந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும் என்கிறேன், காஸல்ஸின் பொருட்டே.

முதலில் அந்தக் கடை. 1890இல், பதின்மூன்று வயதில், பார்சலோனாவில் ஒரு பழைய இசைத்தாள் கடையில் பாக்கின் ஆறு செல்லோ ஸூட்களைக் கண்டெடுத்தார் என்பது ஏதோ சாட்சாத்காரம் போலச் சொல்லப்படுகிறது. அவை 1824இலேயே அச்சேறியவை. செல்லோக்காரர்கள் அவற்றைக் கைப்பயிற்சிக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். கண்டெடுத்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு சுமார் பன்னிரண்டு வருஷம் அவற்றோடு தனியே மல்லாடிவிட்டுத்தான் ஒரு ஸூட்டை முழுசாகச் சபையில் வாசித்தார் என்பதுதான் விஷயம். கடைக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குகிறவர்கள் இந்தப் பன்னிரண்டு வருஷத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். சாதகம் புராணத்துக்கு உதவாது.

அன்றைய செல்லோ மாணவன் வலது அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் வில் போட வேண்டும். காஸல்ஸ் புத்தகத்தைக் கீழே போட்டார். கை முழுவதும் விடுதலையாயிற்று. இடது கை தந்தியின் மேல் வழுக்கி வழுக்கி ஸ்வரம் தேடிய வழக்கத்தை விட்டு, விரல்களை அகட்டி ஸ்வரத்தைப் பிடித்தார். வேண்டாத இழைவுகள் உதிர்ந்தன. ஸ்வரஸ்தானத்தையும் அவர் பியானோக் கட்டையிடம் கேட்டு வைக்கவில்லை. அடுத்த ஸ்வரம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதைப் பார்த்து இம்மி கூட்டியும் குறைத்தும் வைத்தார். நம் காதுக்கு இது புரியாத சமாச்சாரமல்ல. ஆனால் இவை ஒரு தொழிலாளியின் கண்டுபிடிப்புகள். புனிதர்களுக்கு அக்குள் கிடையாது.

ஆறு ஸூட்களையும் அவர் பதிவு செய்தது 1936க்கும் 1939க்கும் இடையில், லண்டனிலும் பாரிஸிலும். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அந்தப் பதிவுகளை உருகி உருகிப் பிரார்த்தனை என்கிறார்கள். நான் கேட்கும்போது அங்கே வில் தந்தியைக் கடிக்கிற சத்தம் கேட்கிறது. கூட்டு ஸ்வரங்கள் உரசிக்கொண்டு எழுகின்றன. தாளம் சில இடங்களில் முன்னே பாய்கிறது. பாக் எழுதியவை முகப்பு ஒன்று நீங்கலாக எல்லாம் நாட்டியங்கள். காஸல்ஸின் வில்லில் கால் இருக்கிறது. விளக்கேற்றிக்கொண்டு கேட்கிறவர்களுக்கு அது கேட்காது.

புராணத்தில் இடமில்லாத இன்னொன்று. தன் நூற்றாண்டின் புதிய சங்கீதம் காஸல்ஸுக்குப் பிடிக்கவில்லை. 1920இல் தான் தொடங்கி, நஷ்டத்தைத் தன் கையிலிருந்து ஈடுகட்டி நடத்திய பார்சலோனா வாத்தியக் குழுவை ஷோன்பெர்க்கும் வெபெர்னும் நடத்த இடம் கொடுத்தார். ஆனால் ஷோன்பெர்க் ஒரு பழைய இசையைத் திருத்தி இவருக்கென்றே எழுதிய செல்லோ கன்செர்ட்டோவை முதலில் மேடையேற்றியது பாயர்மன், காஸல்ஸ் அல்ல. மனசு தாராளம், காது பழசு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மனிதன் தெரிவான்.

இனி அந்த மௌனம். 1933க்குப் பிறகு ஜெர்மனியில் வாசிக்க மறுத்தார். 1939இல் பிராங்கோ ஜெயித்த பின், பிரெஞ்சு எல்லைப் பக்கத்து பிராட் என்ற சிற்றூரில் தங்கி, முகாம்களில் கிடந்த ஸ்பானிய அகதிகளுக்குப் பணமும் உணவும் திரட்டினார். ஹிட்லரை ஒழித்த நேச நாடுகள் பிராங்கோவை மட்டும் விட்டுவைப்பது 1945இல் தெளிவானதும், அந்த நாடுகளிலும் கச்சேரியை நிறுத்திக்கொண்டார். இதைத் துறவு என்பது அபத்தம். துறவிக்கு மௌனத்தால் நஷ்டமில்லை. அறுபத்தெட்டு வயது செல்லோக்காரனுக்கு ஒவ்வொரு வருஷ மௌனமும் விரலிலிருந்து கழிகிறது. ‘கலைஞனுக்கு அரசியல் எதற்கு’ என்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: வாசிப்பைத் தவிர வேறு ஆயுதமில்லாதவன் வாசிப்பை நிறுத்தாமல் வேறு எதை நிறுத்துவான்?

1950இல், பாக் இறந்து இருநூறு ஆண்டு நிறைந்தபோது, சங்கீதக்காரர்கள் பிராடுக்கே வந்தார்கள், அங்கே வாசித்தார். அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. எனக்குச் சிக்கல் பிறகுதான். 1953இல் அமெரிக்கா பிராங்கோவோடு ஒப்பந்தம் போட்டு ஸ்பெயினில் ராணுவத் தளங்கள் பெற்றது. 1955இல் ஸ்பெயின் ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது. காஸல்ஸ் 1958இல் அதே சபையில் வாசித்தார். 1961 நவம்பரில் வெள்ளை மாளிகையில், கென்னடியின் விருந்தாளிகள் முன்னால். கென்னடியிடம் அவருக்கு நம்பிக்கை இருந்தது என்கிறார்கள். இருக்கட்டும். தளங்கள் எங்கும் போகவில்லை. அந்தக் கச்சேரி இசைத்தட்டாகவும் வந்தது. பனிப்போர்க் காலத்து வாஷிங்டனுக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது? 1945இன் மௌனத்தை மதிக்கிறவன் 1961இன் சத்தத்தைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும். கேட்பதில்லை, புனிதரிடம் கணக்குக் கேட்கக்கூடாதல்லவா! அவருடைய பிடிவாதத்தைச் சீரியஸாக எடுத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் இந்த மன்னிப்பு சுலபம்.

1926இல் பார்சலோனாவில் குறைந்த கூலிக்காரர்களுக்கென்றே ஒரு கச்சேரிச் சங்கம் அமைத்தவர் அவர். 1961இல் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பதை அவரும் கவனித்திருப்பார்.

பிராங்கோ சாவதற்கு இரண்டு வருஷம் முன்பே இறந்துபோனார். உடல் 1979இல்தான் சொந்த ஊரான எல் வெண்ட்ரெல்லுக்குத் திரும்பியது. ஐந்தாவது ஸூட்டை அவர் பதிவு செய்தது 1939 ஜூனில், பார்சலோனா விழுந்து ஐந்து மாதம்கூட ஆகாதபோது. அதில் சரபாந்து பகுதியில் கூட்டு ஸ்வரமே இல்லை. ஒற்றை ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. விளக்கை அணைத்துவிட்டு அதைக் கேளுங்கள்.