செல்வதற்கு நான்கு சக்கரம், நிற்பதற்கு?

இரண்டு வாரங்களாக எங்கள் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே விவாதம். இங்கே புணேயில் இருக்கும் அக்காவும் அத்தானும் டிசம்பர் விடுமுறையில் மணாலிக்கும், பனி அனுமதித்தால் அடல் சுரங்கத்தைக் கடந்து லாஹௌலுக்கும் காரிலேயே சென்று, வழியில் கூடாரமடித்துத் தங்கித் திரும்ப விரும்புகிறார்கள். உடன் செல்லவிருப்பவர்கள் எட்டு வயது மகளும் எங்கள் அம்மாவும். இதற்கென அத்தான் ஒரு பழைய எஸ்யூவி தேடி, டெல்லிப் பதிவுள்ள 2012-ஆம் ஆண்டு ஸ்கார்பியோ ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். அதன் பின்கதவில் ‘ஃபோர் பை ஃபோர்’ என்ற பட்டை இருக்கிறது. விலையும் மலிவு. "நீ எதையும் துருவிப் படிப்பாயே, இதையும் பார்த்துச் சொல்" என்று அத்தான் கேட்டார். பார்த்ததையும் அதிலிருந்து நான் வந்தடைந்த கருத்தையும் இங்கே பொதுவில் வைக்கிறேன். கள ஆய்வுக்காகக் குளிர்காலத்தில் கின்னௌர், லாஹௌல் பக்கம் செல்லும் நண்பர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். வயல் வேலை ஓய்ந்து மக்கள் வீட்டில் இருக்கும் பருவம் என்பதால் மொழி ஆய்வாளருக்கு அது உகந்த காலம். சாலைக்கு அது உகந்த காலம் அன்று.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ‘ஃபோர் பை ஃபோர்’ என்பதில் முதல் எண் வண்டிக்கு எத்தனை சக்கரங்கள் என்பதையும், இரண்டாவது எண் அவற்றுள் எத்தனைக்கு எஞ்சினின் விசை செல்கிறது என்பதையும் குறிக்கும். அதன் பொருள் அவ்வளவே. ஆனால் விளம்பரத்திலும் பேச்சிலும் அந்தச் சொல் ‘பனியில் பாதுகாப்பானது’ என்ற பொருளையும் சுமக்கத் தொடங்கிவிட்டது. எந்த மொழியிலும் சொற்பொருள் விரிவு இயல்பானது. ஆனால் இந்த விரிவை நம்பி ஒருவர் மலைச்சரிவில் வண்டியை இறக்கும்போது அது உயிர் தொடர்பான பிழையாகிறது.

காரணம் எளியது. நான்கு சக்கர இயக்கம் வண்டியை நகர்த்த உதவுகிறது, நிறுத்த உதவுவதில்லை. பிரேக் எல்லாக் கார்களிலும் ஏற்கெனவே நான்கு சக்கரங்களுக்கும் இருக்கிறது. நிற்கும் தொலைவைத் தீர்மானிப்பது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.7 என்றால், இறுகிய பனியில் 0.2, பனிக்கட்டியின்மேல் 0.1 என்ற அளவுக்கு இறங்கிவிடும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக்கை மிதித்த கணத்திலிருந்து, உலர்ந்த சாலையில் சுமார் 9 மீட்டரிலும், இறுகிய பனியில் 31 மீட்டரிலும், பனிக்கட்டியில் 63 மீட்டரிலும் நிற்கும். இது சமதரைக் கணக்கு. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் இறங்கும் சரிவில் பனிக்கட்டி படிந்திருந்தால், கணக்கின்படி அந்த வண்டி நிற்கவே நிற்காது. நான்கு சக்கர இயக்கம் செய்யும் தீமை இங்கேதான் இருக்கிறது. இரு சக்கர இயக்க வண்டி ஏற்றத்தின் அடியிலேயே சுழன்று நின்று, "இதற்குமேல் வேண்டாம்" என்று எச்சரித்துவிடும். நான்கு சக்கர வண்டி தயக்கமின்றி மேலே ஏற்றிவிடும். இறங்கும்போதுதான் நாம் எங்கே இருக்கிறோம் என்பது புரியும்.

ஆகவே பழைய வண்டி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது டயரை. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ஆண்டுகள் பலவான ரப்பர் இறுகிப் போயிருக்கும். சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயர் அந்தக் குளிரிலும் நெகிழ்வாக இருக்கும்படி செய்யப்படுவது. மூன்று சிகரங்களுக்குள் ஒரு பனித்துகள் என்ற சின்னம் அதற்கு அடையாளம். ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அது பள்ளங்களின் அமைப்பைப் பற்றிய அறிவிப்பே, ரப்பரைப் பற்றியதன்று. குளிர்கால டயர் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. எனவே நமக்குள்ள நடைமுறை வழி சக்கரச் சங்கிலி. தன் டயர் அளவுக்குப் பொருந்தும் சங்கிலியை வாங்கி, புணேயிலேயே இரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பழகியவர், சங்கிலியில்லாத நான்கு சக்கர வண்டிக்காரரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்பதே என் கருத்து.

அடுத்தது இயக்கத்தின் வகை. ஸ்கார்பியோ, தார், கூர்க்கா, பழைய சஃபாரி போன்றவற்றில் இருப்பது தேவைப்படும்போது இணைத்துக்கொள்ளும் அமைப்பு. இணைத்ததும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும். சேற்றிலும் முழுப்பனியிலும் இது வலிமையானது. கூடவே ‘லோ’ கியரும் உண்டு. ஆனால் உலர்ந்த சாலையில் அப்படியே ஓட்டினால், திருப்பத்தில் இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டியிருப்பதால் கியர்கள் முறுக்கேறிப் பழுதாகும். குளிர்கால இமாசலச் சாலையோ வெயில் படும் பக்கம் உலர்ந்தும், நிழல் விழும் திருப்பத்தில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலத்தோடும் மாறி மாறி வரும். அங்கே தானாகவே விசையைப் பகிரும் ‘ஆல் வீல் டிரைவ்’ அமைப்பே குடும்பக் காருக்குப் பொருத்தம். 2014-இல் இந்தியாவுக்கு வந்த ரெனோ டஸ்டர் டீசலின் அவ்வகை வண்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 210 மி.மீ. தரை இடைவெளி, தனித்தியங்கும் பின்சக்கர சஸ்பென்ஷன், தேவைப்பட்டால் பூட்டிக்கொள்ளும் வசதி. ‘லோ’ கியர் இல்லை என்பது அதன் குறை. உற்பத்தி நின்றுபோனதால் பின் அச்சின் உதிரிபாகங்களைத் தேடி அலைய வேண்டிவரலாம் என்பது இன்னொரு குறை. பூட்டும் டிஃபரென்ஷியல்கள் கொண்ட கூர்க்கா நம் புணே நிறுவனத்தின் தயாரிப்பு என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அம்மாவை அமர்த்தி 4,000 கி.மீ. அழைத்துச் செல்ல அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த 4,000 கி.மீ. என்ற எண்ணை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. புணேயிலிருந்து மணாலி சுமார் 2,000 கி.மீ. போய்வரும் தொலைவில் பனி இருக்கக்கூடிய பகுதி நூறு கி.மீ. கூட வராது. மீதி முழுவதும் லாரிகளும் மூடுபனியும் நிறைந்த நெடுஞ்சாலை. அங்கே உயிர் காப்பவை இருக்கைப் பட்டை, காற்றுப்பை, ஏபிஎஸ். ஓட்டுநருக்கான காற்றுப்பை நம் நாட்டில் 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் அது வகையைப் பொறுத்தது. 2016-இல் குளோபல் என்கேப் அமைப்பு காற்றுப்பை இல்லாத ஸ்கார்பியோவை மோதிச் சோதித்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. 2022-இல் சோதிக்கப்பட்ட ஸ்கார்பியோ-என் ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஒரே பெயர், இரண்டு வேறு வண்டிகள். நூறு கி.மீ. பனிக்காகத் தேர்ந்தெடுத்து, 3,900 கி.மீ. சாலையில் பாதுகாப்பை இழப்பது தவறான பேரம்.

டெல்லிப் பதிவு ஏன் மலிவு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தேசியத் தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்று அதே நீதிமன்றம் இடைக்கால ஆணை தந்தது. ஆணைகள் மாறிக்கொண்டிருக்கும் வரை, இமாசலம் செல்வதற்காக வாங்கும் பழைய டீசல் வண்டி, இமாசலத்துக்கான நேர்வழியிலேயே சட்டச்சிக்கலைச் சந்திக்கக்கூடும். மேலும் தடையின்மைச் சான்று, மகாராஷ்டிரச் சாலை வரி, பதினைந்தாண்டு முடிந்ததும் தகுதிச் சோதனை, மறுபதிவு, பசுமை வரி என்று செலவுகள் வரிசையில் நிற்கின்றன. இவற்றைக் கூட்டினால் மலிவு அவ்வளவு மலிவாகத் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் அதே வண்டிதான் வேண்டுமென்றால், பட்டையை நம்பாமல் அடியில் குனிந்து பாருங்கள். முன் அச்சுக்குச் செல்லும் தண்டு இருக்கிறதா, டிரான்ஸ்ஃபர் கேஸில் எண்ணெய்க் கசிவு உண்டா, நான்கு டயரும் ஒரே வகையா என்று கவனியுங்கள். மண்தரைக்குக் கொண்டுபோய் நான்கு சக்கர இயக்கத்தை இணைத்துப் பாருங்கள். பல ஆண்டுகள் ஒருமுறைகூட இணைக்கப்படாத அமைப்பு, தேவைப்படும் நாளில் இணைய மறுக்கும்.

இனி மிக முக்கியமானது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலைநகரில் பனிப்பொழிவில் சிக்கிய கார்களுக்குள்ளேயே 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பனி புகைக்குழாயை மூடியபின் ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறையும், உறங்குபவர் விழிப்பதில்லை. கூடாரத்துக்குள் கரி அடுப்பு மூட்டினாலும் இதே கதிதான். 2024 டிசம்பர் இறுதியில் மணாலிக்கு மேலே சோலங் நாலாவில் திடீர்ப் பனியில் சிக்கிய சுமார் 5,000 சுற்றுலாப் பயணிகளைக் குல்லு காவல்துறை மீட்டது. சிக்கிய வண்டிகளுக்குள் நான்கு சக்கர வண்டி ஒன்று இருந்தாலும், முன்னால் நிற்கும் கார்கள் நகராதவரை அதுவும் நகராது. குளிர்காலப் பயணத்தின் உண்மையான கருவிகள் கம்பளி, குடிநீர், உணவு, மண்வாரி, அந்த ஊரிலேயே நிரப்பிய டீசல், திரும்பிவிடும் துணிவு ஆகியவையே. டீசலைச் சொல்லக் காரணம் உண்டு: சமவெளி டீசல் கடுங்குளிரில் மெழுகாக உறையும். அதனால்தான் 2019-இல் இந்தியன் ஆயில் லடாக்குக்கென மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை அறிமுகப்படுத்தியது.

என் முடிவு இதுதான். புணேயில் வாழும் குடும்பத்துக்கு இமாசலப் பனி ஆண்டில் ஒரு வாரம். நாள்தோறும் புறப்படும் ஜேலம் எக்ஸ்பிரஸில் அம்பாலா வரை சென்று, அங்கிருந்து மலை ஏறி, பனிச்சாலையை அதில் வளர்ந்த உள்ளூர் ஓட்டுநரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. சஹ்யாத்ரியின் குளிர்காலமோ உலர்ந்தது. பவனா ஏரிக்கரையில் கூடாரமடிக்க எந்த நல்ல காரும் போதும். நான்கு சக்கர இயக்கத்துக்கு இங்கே உண்மையான வேலை மழைக்காலச் சேற்றில்தான். அதையும் சேற்றில் அடிக்கடி போகிறவர்கள் வாங்கினால் போதும். வாங்குவதாயின் வரிசை இப்படி இருக்கட்டும்: டயரும் பிரேக்கும் முதலில், காற்றுப்பையும் கட்டமைப்பும் அடுத்து, பராமரிப்புப் பதிவேடு மூன்றாவது, இயக்கத்தின் வகை நான்காவது.

அத்தானுக்கு இதை அனுப்பினேன். "அப்படியானால் சாகசமே வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டும், ஆனால் அம்மாவும் குழந்தையும் பின்னிருக்கையில் இருக்கும்போது வேண்டாம். அவர் இன்னும் அந்த ஸ்கார்பியோவுக்கு முன்பணம் கொடுக்கவில்லை. மலைப்பகுதியில் பணியாற்றும் நண்பர்கள் மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், அவரும் வாசிப்பார்.