கல்லுக்கு உயிர் வரட்டும்!

முண்டியம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய பெண்ணுக்கு, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன் வேண்டுமாம். எல்லாம் 2003-ல் வந்த கார்ட்டூன் படம் செய்த வேலை! அப்பாவும் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்துவிட்டார். கடல் மீன் என்றால் கடல் பாறையும் வேண்டும் அல்லவா? ராமநாதபுரம் பக்கம் உத்தியோகம் பார்க்கும் மைத்துனர், ஒரு சாக்கு பவளக்கல் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அதை வாங்கிக்கொள்ளலாமா, பாறையை அடுக்கிய அன்றே மீனை விட்டுவிடலாமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

இரண்டுக்கும் ஒரே பதில்தான்: கூடாது. காரணம் சொல்லாமல் மறுத்தால் மைத்துனர் கோபித்துக்கொள்வார். ஆகையால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் இருந்தன. 'இருந்தன' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கீழக்கரைக்கு அருகே இருந்த பூவரசன்பட்டி, தூத்துக்குடிக்கு அருகே இருந்த விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற சுவர் போயிற்று. பிறகு தீவு மட்டும் எப்படி நிற்கும்? 1986-ல் இந்தக் கடல் தேசியப் பூங்காவாயிற்று. 2001-ல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அதாவது சட்டத்தின் கண்ணில் பவளம் புலிக்குச் சமானம்! செத்த கல்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. குற்றம் நிரூபணமானால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. ஒரு சாக்குக் கல்லுக்காக மைத்துனரை ஜெயிலுக்கு அனுப்பினால் வீட்டு அம்மாள் சும்மா விடுவார்களா?

சரி, வேறு எந்தக் கல்லைத்தான் போடுவது?

அதற்கு முன், கல் எதற்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது அழகுக்காக மட்டும் அல்ல. 1961-ல் ஜகார்த்தா நகரத்து லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் தம் முறையை எழுதினார். பெரிய வடிகட்டி யந்திரம் எதுவும் கிடையாது. கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை, மெல்லிய காற்றுக் குமிழி, வெளிச்சம், அவ்வளவுதான். அவருடைய தொட்டியில் வடிகட்டும் வேலையைச் செய்தது பாறைதான். பாறையின் நுண்துளைகளில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா என்று சொல்வதுதான் சரி.

மீன் மூச்சு விடும்போதும், மீந்த தீனி அழுகும்போதும் தண்ணீரில் அம்மோனியா சேருகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நல்லதல்ல. இன்னொரு வகை வந்து அதை நைட்ரேட்டாக்குகிறது. இது அவ்வளவு கொடியதல்ல. மாதம் ஒன்றிரண்டு முறை கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் குறைந்துவிடும். கல்லின் உட்புறத்தில், பிராணவாயு எட்டாத ஆழத்தில், நைட்ரேட்டை வெறும் வாயுவாக்கி வெளியே அனுப்பும் மூன்றாவது கோஷ்டியும் உண்டு. ஆகவே கல் என்றால் துளை நிறைந்திருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் பருமனுக்குக் கனம் குறைவாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் நம் ஜில்லாக் கற்களைப் பார்ப்போம். செஞ்சிக் கோட்டை நிற்கிறதே, அந்தக் கருங்கல் கெடுதல் செய்யாது. ஆனால் துளை இல்லை. பாக்டீரியாவுக்கு வீடு இல்லை. கனம் வேறு, தொட்டியின் அடிக்கண்ணாடிக்கு ஆபத்து. செம்புறாங்கல்லில் துளை உண்டு, இரும்பும் உண்டு. இரும்பு கரைந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன. அவை இரண்டு கோடி ஆண்டுப் பழமையானவை, தேசியச் சொத்து. அவற்றைப் போய்ப் பார்க்கலாம், எடுக்கக் கூடாது.

ஏற்றது சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த அரியலூர்ப் பக்கத்தில் இது ஏராளம். முறையாக விற்பவரிடம் வாங்குங்கள். ஒரு மூலையில் நாலு சொட்டு வினிகர் விட்டால் பொங்க வேண்டும். களிமண் ஒட்டியது, துருக் கறை ஓடியது, பித்தளை போல் மின்னும் கோடு உள்ளது ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னும் நல்ல வழி, கல்லை நீங்களே வார்ப்பது. வான் தீவு கரைந்து போகாமல் காக்கத் தூத்துக்குடிக் கடலில் கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளைத்தான் இறக்கியிருக்கிறார்கள். கடலுக்கே அது போதும் என்றால் கூடத்துத் தொட்டிக்குப் போதாதா?

சிமெண்டு ஒரு பங்கு, கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் உடைத்த கிளிஞ்சல் மூன்று பங்கு. கையுறை போட்டுக்கொண்டு, கொஞ்சமே தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசையுங்கள். கடைசியில் மரக்காணம் கல்லுப்பு ஒரு பங்கு கலந்து, ஈர மணலில் பள்ளம் தோண்டி வார்த்துவிடுங்கள். இறுகிய பிறகு தண்ணீரில் போட்டால் உப்புக் கரைந்து ஓடிவிடும்; அது இருந்த இடமெல்லாம் துளையாகும். ஆனால் புது சிமெண்டின் காரம் மீனைக் கொன்றுவிடும். நாலு முதல் ஆறு வாரம், அடிக்கடி தண்ணீர் மாற்றி ஊற வையுங்கள். சுத்தமான தண்ணீரில் கல்லை ஒரு நாள் வைத்துப் பார்த்தால் காரகார அளவு 8.5-க்குள் நிற்க வேண்டும். அதுவரை பொறுங்கள்.

மரக்காணம் உப்பைத் தண்ணீரிலேயே கரைத்தால் கடல் நீர் ஆகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. உப்பளத்தில் உப்புப் படிந்த பிறகு வடித்துவிடும் கசப்பு நீரோடு மக்னீசியம் போய்விடுகிறது. சுண்ணாம்புச் சத்து அதற்கு முன்பே படிந்துவிடுகிறது. தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பை வாங்குங்கள். ஆர்.ஓ. தண்ணீர் லிட்டருக்கு 35 கிராமுக்குச் சற்று மேல் போட்டு, அடர்த்திமானியில் 1.025 வருகிறதா என்று பாருங்கள். கரும்பு வயலுக்கு நடுவில் உள்ள கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். உரத்தின் நைட்ரேட் அதில் இறங்கியிருக்கலாம்.

நூறு லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ கல் போதும். கனமான கல்லை அடிக்கண்ணாடியில் நன்றாகப் பதிய வைத்துவிட்டு, பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால், மீன் மணலைத் தோண்டும்போது சரிந்துவிடும். கோட்டைச் சுவர் மாதிரி நெருக்கி அடுக்காதீர்கள். தண்ணீர் புகுந்து புறப்பட இடைவெளி வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. உங்கள் ஊரிலேயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கட்டடம் எழும்பிய அன்றே நோயாளியைப் படுக்க வைத்தார்களா? டாக்டரும் நர்ஸும் வந்த பிறகுதானே! தொட்டிக்கு டாக்டர் பாக்டீரியாதான். அவர்களை முதலில் வரவழைக்க வேண்டும்.

அவர்களுக்குத் தீனி அம்மோனியா. சிலர் ஒரு இறாலைப் போட்டு அழுக விடுவார்கள். வீடு நாறும், சைவ வீடானால் கேட்கவே வேண்டாம்! பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது நவச்சாரம் போடுவார்களே, அதுதான் அம்மோனியம் குளோரைடு. கடைச் சரக்கு வேண்டாம். ரசாயனக் கடையில் சுத்தமானதாகக் கேளுங்கள். நூறு லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் போட்டால் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு அம்மோனியா வரும். சோதனைப் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். நோயில்லாத பழைய கடல் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பிடி மணல் கிடைத்தால் உறை மோர் மாதிரி உதவும். காற்றுக் குமிழி ஓடட்டும், விளக்கு வேண்டாம்.

முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கும், நைட்ரேட் தெரியும். பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். காலண்டரை நம்பாதீர்கள், சோதனையை நம்புங்கள். மறுபடி அதே அளவு நவச்சாரம் போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனுக்குப் போகலாம். இடையில் கல்லின் மேல் பழுப்புப் படலம் படியும். பயப்பட வேண்டாம், அது தானே போகும். தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அல்ல.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் தொட்டியும் கொதிக்கும். தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வழி செய்துவிட்டுத்தான் மீன் வாங்க வேண்டும்.

சென்னை கொளத்தூர்க் கடைகளுக்குப் போனால், பண்ணையில் பொரித்த மீனா, கடலில் பிடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். இந்தப் பட்டை மீனை மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தாரும் பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பண்ணை மீன் தொட்டியிலேயே பிறந்தது. போடும் தீனியைத் தின்னும். முதலில் ஒரு ஜோடி போதும். பாக்டீரியா கூட்டம் தீனிக்குத் தகுந்தபடிதான் பெருகும்.

அதுவரை குழந்தையிடம் சோதனைக் குழாயைக் கொடுத்துவிடுங்கள். தினம் ஒரு நோட்டில் நிறத்தைக் குறித்து வைக்கட்டும். ஆறு வாரம் வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருக்கக் கற்ற குழந்தை, பிறகு மீனுக்குத் தீனியை அள்ளிக் கொட்டாது.